ஒத்திகைத் தெரு

கட்சி தோற்றுவிட்டது. ஆனால் தலைமையகத்தில் அந்தச் சொல்லைச் சொல்ல யாருக்கும் நா எழவில்லை. "வெற்றி சற்றே ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது" என்று கட்சிப் பத்திரிகை எழுதியது. ஆராய்ச்சிக் குழு ஒன்று போட்டார்கள். குழு குளிரூட்டிய அறையில் பல நாள் உட்கார்ந்து, தட்டுத் தட்டாகப் பிஸ்கட்டுகளைத் தீர்த்துவிட்டு, கடைசியில் ஒரே வரியில் முடிவைச் சொன்னது: சாமானிய வாக்காளரோடு கட்சிக்கு இருந்த தொடர்பு அறுந்துபோய்விட்டது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, அந்தச் சாமானிய வாக்காளர் எங்க இருக்காரு? வரச் சொல்லுங்க, பேசி முடிச்சிடலாம்."

அமைப்புச் செயலாளர் குனிந்து அவர் காதோரம் சொன்னார். "அவர் ஒருத்தர் இல்லீங்க தலைவரே. நெறைய பேரு."

"அத்தனை பேருமா?" என்றார் தலைவர், மனம் புண்பட்டவராக.

கூட்டத்தின் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், முழக்கம் உட்கார்ந்திருந்தார். வட்டச் செயலாளர். இந்தத் தேர்தலில் அந்த வட்டத்தின் வேட்பாளரும் அவர்தான். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோகும் அளவுக்கு, ஊர் முழுக்க அவர் முழக்கம்தான். ஒலிபெருக்கி பழுதானால் கூட்டம் நிற்காது, அவர் நிற்பார். வீட்டிலும் அதே தொண்டைதான். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால்கூட, "இந்த நேரத்தில் ஒன்றைச் சுட்டிக்காட்டக் கடமைப்பட்டிருக்கிறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

முழக்கமும் தோற்றிருந்தார். அதுவாவது போகட்டும், கட்சியே தோற்றது. அவரைத் தூங்கவிடாமல் அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று. அவருடைய சொந்தத் தெருவின் சாவடியில் அவருக்கு விழுந்த ஓட்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எண்ணியும் பார்த்துவிட்டார். சைக்கிள் கடைக்காரர், அவர் தம்பி, கடன் கேட்டு நிற்கும் ஒன்றுவிட்ட மச்சான் என்று ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு முகம் கிடைத்துவிட்டது. எல்லா முகத்தையும் வைத்து முடித்த பிறகு, அவர் மனைவிக்கு இடமில்லாமல் போனது.

நேரடியாகக் கேட்கத் தைரியம் வரவில்லை. சாப்பிடும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டு, "சில பேர் வீட்டுக்குள்ளேயே நம்பிக்கைத் துரோகம் நடந்திருக்காம்" என்பார். அவளோ, "ஆறிடும், சாப்பிடுங்க" என்பாள். அவ்வளவுதான். அவர் வீட்டுக்குத் திரும்புவதே விளக்கு வைத்த பிறகு. அவள் தையல் மெஷினில் குனிந்திருப்பாள். தலைக்கு மேல் பல்பு எரிந்துகொண்டிருக்கும். அந்தக் குனிந்த கழுத்திடம், "நீ எனக்கு ஓட்டுப் போட்டாயா?" என்று கேட்க, ஊரையே அதிரவைக்கும் அந்தத் தொண்டையில் சத்தம் வரவில்லை.

தொடர்பைப் புதுப்பிக்கும் வழியைக் கொள்கை அணித் தலைவர் கண்டுபிடித்தார். நிர்வாகிகள் சட்டென்று மக்களிடம் போனால் மக்கள் மிரண்டுபோவார்கள், நிர்வாகிகளும் மிரண்டுபோவார்கள். ஆகவே முதலில் பழக வேண்டும். தலைமையகத்தின் பொதுக்குழு மண்டபத்துக்குள்ளேயே ஒரு சாமானியத் தெருவை அமைப்பது; நடிகர்களை வைத்து அதில் மக்களை நிரப்புவது; நிர்வாகிகள் ஒவ்வொருவராக அதில் நடந்து பழகுவது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வாசலைத் தாண்டினால் நிஜத் தெருவே இருக்கிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்கள் பதவியில் இல்லை.

நாடக மேடைகளுக்கு அரங்கம் போடும் செட்டுக்காரர் வந்தார். நாற்காலிகள் போன இடத்தில் தெரு வந்தது. ஒரு டீக்கடை, ஒரு பஸ் நிறுத்தம், ஒரு குழாயடி, கோடியில் ஜன்னல் வைத்த ஒரு வீடு. கூரையில் நீலத் துணி கட்டி மேகம் வரைந்தார்கள். சூரியனுக்குப் பெரிய விளக்கு ஒன்றைக் கப்பியில் மாட்டினார்கள். எலெக்ட்ரீஷியன் ஒருவர் காலையில் அதைக் கயிற்றால் மேலே இழுப்பார், மாலையில் கீழே இறக்குவார், மதியம் சாப்பிடப் போவார். அந்த நேரத்தில் சூரியன் உச்சியில் அசையாமல் நிற்கும்.

தலைவர் வந்து பார்த்தார். குழாயைத் திருகினார். ஒன்றும் வரவில்லை.

"தண்ணி எங்க?"

"இது செட்டுங்க தலைவரே," என்றார் செட்டுக்காரர். "தண்ணி வராதுங்க."

"என்னய்யா, நம்ம ஆட்சியில தண்ணி வரலைன்னு ஆயிடாதா? வரணும்."

மண்டபத்துக் கிணற்றிலிருந்து குழாய் இழுத்தார்கள். தண்ணீர் வந்தது. தலைவர் அதைத் தம் சாதனைகளில் சேர்த்துக்கொண்டார்.

முதல் நாள் ஒத்திகையில் நிர்வாகிகள் அனைவரும் தெருவில் இறங்கி, டீக்கடை பெஞ்சில் ஏறி நின்று பேசினார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த நடிகர்கள் அதை நிஜப் பொதுக்கூட்டம் என்று நினைத்துக் கலைந்து போய்விட்டார்கள். அதனால் பயிற்சி கொடுக்க வந்த நாடகக்காரர் ஒரு விதி செய்தார். சாமானியர் பேசுவார், நிர்வாகி கேட்க வேண்டும். தன் கையிலிருக்கும் மணி அடிக்கும்வரை நிர்வாகி வாய் திறக்கக் கூடாது. முதல் வாரம் இரண்டு பேருக்குத் தலைசுற்றல் வந்தது. ஒருவருக்கு ரத்த அழுத்தம்.

தலைமையகம் முழக்கத்தின் வட்டத்துக்குள்தான் இருந்தது. அந்தப் பகுதிக் குழாய்களில் வெறும் காற்றுதான் வரும். மண்டபத்தின் பக்கவாசல் வழியாகத் தண்ணீர் விழும் சத்தம் தெருவுக்குக் கேட்டது. ஒரு பெண் குடத்தோடு எட்டிப் பார்த்தாள். வாசலில் நின்ற காவலாளி, நடிகை என்று நினைத்து, "தாமதமா வர்றீங்களே, உள்ள போங்க, போங்க" என்று அதட்டினார். அவள் போனாள். மறுநாள் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிறகு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அக்கம்பக்கத்து முடிதிருத்துபவர் பஸ் நிறுத்தத்தின் பெஞ்சில் வந்து கண்ணயர ஆரம்பித்தார். அங்கே பஸ் வராது என்பது அவருக்குத் தெரியும். நிஜ நிறுத்தத்திலும் வராது, அங்கே நிழலும் கிடையாது. புறாக்கள் இரண்டு வந்து வரைந்த மேகத்துக்குக் கீழே கூடு கட்டின.

கட்சி வாடகைக்குப் பிடித்திருந்த நடிகர் குழு ஒருநாள் வேறு ஊருக்கு நாடகம் போடப் போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து நடிப்பு மெருகேறியதாகக் கட்சியின் ஒத்திகை அறிக்கை மட்டும் பாராட்டியது. நாடகக்காரர், இவர்களெல்லாம் கட்சி அனுப்பிய புது ஆட்கள் என்று நினைத்தார். கட்சி, நாடகக்காரர் அழைத்து வந்தவர்கள் என்று நினைத்தது. மக்கள் எதையும் நினைக்கவில்லை, குடம் நிறைந்தால் போனார்கள்.

முழக்கத்தின் முறை வந்தது. தலைவரே மண்டபத்தின் மேல்மாடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அமைப்புச் செயலாளர், தட்டில் பிஸ்கட்.

முழக்கம் தெருவுக்குள் காலை வைத்தார். பெயின்ட் வாசனையும் ஈரமண் வாசனையும் கலந்து வந்தன. மண்டபத்தின் நீளம் அவருக்குத் தெரியும், எத்தனையோ முறை அதில் கைதட்டு வாங்கி நடந்திருக்கிறார். இன்றைக்கு என்னவோ தெரு நீண்டுகொண்டே போனது. தூக்கத்தில் நடப்பவர்போல நடந்தார். விளக்குச் சூரியன் தோளில் இளஞ்சூடாக விழுந்தது. டீக்கடையில் யாரோ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்கள். மேலே ஒரு புறா குனுகியது.

"ஓரமா போங்க சார், குடம் இடிக்குதுல்ல," என்றாள் குழாயடியில் ஒருத்தி.

நல்ல நடிப்பு என்று அவர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார். இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்றும் தோன்றியது. நாடகத்தில் பார்த்திருப்போம் என்று விட்டுவிட்டார்.

தெருக்கோடியில் அந்த வீடு. ஜன்னலுக்கு உள்ளே, வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து ஒரு பெண் உட்கார்ந்து கையால் தைத்துக்கொண்டிருந்தாள். மடியில் நீலச் சட்டை. தலை குனிந்திருந்தது.

அந்தக் கழுத்தை அவருக்குத் தெரியும்.

வாய் தானாகத் திறந்தது. நாடகக்காரர் விரலை உயர்த்தினார். முழக்கம் வாயை மூடிக்கொண்டார்.

"நீங்க பேசக் கூடாதாமே," என்றாள் அவர் மனைவி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "குழாயடியில சொன்னாங்க. மணி அடிக்கிற வரைக்கும் கேட்டுத்தான் ஆகணுமாம். நல்ல சட்டம். நம்ம கல்யாணத்தன்னிக்கே யாராவது போட்டிருக்கலாம்."

மாடத்தில் சிரிப்பு எழுந்தது. அவளைக் கட்சியில் யாரும் பார்த்ததில்லை. முழக்கம் யாரையும் வீட்டுக்கு அழைத்துப் போனதில்லை.

"குடத்தை வரிசையில போட்டுட்டு இங்க வந்து உக்காந்துக்குவேன். பத்து நாளா இப்படித்தான். வெளிச்சம் நல்லா இருக்கு. ஊசி கோக்க முடியுது." அவள் நூலை இழுத்தாள். "நம்ம வீட்லயும் ஒரு ஜன்னல் இருக்கு. தெருவைப் பாத்த ஜன்னல். அதை நம்பித்தான் அந்த மாடியையே பிடிச்சேன், மெஷின் போடலாம்னு. தேர்தலுக்கு முன்னாடி ஒருநாள் காலையில முழிச்சா, இன்னும் விடியாத மாதிரி இருக்கு. எட்டிப் பாத்தா, உங்க தலைவர் நிக்கிறாரு."

முழக்கத்துக்கு அந்தக் கட்-அவுட் கண் முன்னால் வந்தது. இரண்டு மாடி உயரம். வட்டத்திலேயே பெரியது. தம் வீட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கட்டும் என்று அவர்தான் இடம் பார்த்துக் கொடுத்தார். அதற்காகப் பக்கத்து வட்டத்துக்காரர் பொறாமையில் வெந்ததும் உண்டு.

"தெருவுல போறவங்களைப் பாத்து அவரு சிரிக்கிறாரு. எனக்கு அவரோட முதுகுதான். சட்டம், ஆணி, சாக்குத் துணி. நடுவுல ஒரு சிலந்தி கூடு கட்டியிருக்கு. பரவால்ல, அதுக்காவது ஒரு வீடு குடுத்திருக்காரேன்னு நெனச்சுக்கிட்டேன்."

"யாருய்யா வசனம்?" என்றார் தலைவர், மாடத்தில், ரசித்து.

"நம்ம கொள்கை அணிதாங்க," என்றார் அமைப்புச் செயலாளர், தயங்காமல்.

"பட்டப்பகல்ல பல்பைப் போட்டுத் தைக்கிறேன். கறுப்பு எது, கருநீலம் எதுன்னு தெரியல. ஒருத்தர் சட்டைக்குக் கலர் மாத்திப் பட்டன் வச்சுட்டேன். 'கண்ணு போச்சா டெய்லரம்மா?'ன்னு கேட்டுட்டாங்க. கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஜன்னல்தான் போச்சுன்னேன். உங்ககிட்ட சொல்லலாம்னா, நீங்க வர்றப்போ இருட்டிடும். இருட்டினப்புறம் ஜன்னல் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? நான் வாயைத் திறந்தா நீங்க ஒன்றைச் சுட்டிக்காட்ட ஆரம்பிச்சிடுவீங்க."

முழக்கத்தின் காது மடல் சுட்டது. விளக்கின் சூடாக இருக்கலாம்.

"அதுகூடப் போகட்டும்," என்றாள் அவள். குரல் கொஞ்சம் இறங்கியது. "ஓட்டுக் கேக்க நம்ம தெருவுக்கு வந்தீங்களே. நான் மெஷினை ஓரமாத் தள்ளிட்டு, ரெண்டு நாற்காலியைத் துடைச்சுப் போட்டு வச்சிருந்தேன். ஒவ்வொரு வீடா படி ஏறி இறங்குனீங்க. கீழ் வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுனீங்க, அது உங்க சட்டையில ஒண்ணுக்குப் போச்சு, அதுக்கும் சிரிச்சீங்க. அப்புறம் நம்ம மாடிப்படிகிட்ட வந்து நின்னீங்க. செருப்புச் சத்தம் கேட்டுச்சு. நான் கதவுகிட்டயே நிக்கிறேன். அப்போ உங்ககூட வந்தவங்ககிட்ட ஒண்ணு சொன்னீங்க."

அவருக்கு நினைவு வந்தது. அவள் சொல்லாமல் இருந்தால் தேவலை என்றிருந்தது.

"'இது நம்ம வீடுதான், இங்க என்ன, அடுத்ததுக்குப் போங்க.'"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கோபமே இல்லை. பட்டனை இழுத்துப் பார்த்தாள், நின்றது. நாடகக்காரர் மணியடித்தார்.

இனி முழக்கம் பேசலாம். மாடம் காத்திருந்தது. அன்பார்ந்த, பேரன்புமிக்க, என் உயிரினும் மேலான என்று அவர் வாழ்நாளெல்லாம் ஏறி நின்ற சொற்கள் தொண்டை வரைக்கும் வந்தன. ஜன்னலில் இருந்த முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிப் போய்விட்டன.

"ஓட்டுப் போட்டியா?" என்றார். மாடத்துக்குக் கேட்கவில்லை. முழக்கம் பேசி ஒருவருக்குக் கேட்காமல் போனது அதுதான் முதல் தடவை.

"கேட்டீங்களா?"

அவர் பார்வை அவள் மடியிலிருந்த நீலச் சட்டைக்கு இறங்கியது.

"எதிர்க்கட்சிக்காரரு மாடி ஏறி வந்தாரு. மூச்சு வாங்குச்சு, தண்ணி குடுத்தேன். ஓட்டுக் கேட்டாரு. பாக்கலாம்னேன்." எந்த வீட்டிலாவது பாக்கலாம் என்று சொல்லிவிட்டால் அந்த ஓட்டு இல்லை என்று எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் தெரியும். "யாருக்கும் போடல. சாவடிப் பக்கமே போகல. கேக்க வேண்டியவரு கேக்காத ஓட்டு, அது பாட்டுக்கு வீட்ல கிடக்கட்டும்னு விட்டுட்டேன்."

மாடத்தில் தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். எல்லோரும் எழுந்தார்கள்.

"அருமை! இந்தம்மாவுக்கு ஒரு விருது குடுங்கய்யா. அந்தக் கட்-அவுட் விஷயம்... கற்பனைதானே?"

"முழுக்க முழுக்கக் கற்பனைங்க தலைவரே."

கைதட்டலுக்கு நடுவே முழக்கம் திரும்பித் தெருவைப் பார்த்தார். பஸ் நிறுத்தத்தில் தூங்குபவர், தமக்கு மாதாமாதம் முடிவெட்டுகிறவர். குழாயடியில் அதட்டியவள் கீழ் வீட்டுப் பிள்ளையின் தாய். டம்ளர் கழுவுகிறவர் சைக்கிள் கடைக்காரரின் தம்பி. நடிகர் ஒருவர்கூட இல்லை. அவருடைய வட்டம் முழுவதும் வரைந்த வானத்துக்குக் கீழே நின்று, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

குழாயடியில் அவள் குடம் நிறைந்திருந்தது. அவள் எடுப்பதற்குள் அவர் எடுத்துக்கொண்டார். சட்டை நனைந்தது. பக்கவாசலில் காவலாளி, "நாளைக்குச் சீக்கிரம் வந்திடுங்கம்மா" என்றார் அவளிடம். முழக்கத்திடம், "நீங்க என்ன வேஷம்?" என்றார்.

வெளியே இன்னும் வெயில் இருந்தது. அந்த நேரத்தில் அவர் வீடு திரும்பி வருஷமாகிறது. கட்-அவுட் தெருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அதன் இடது கைக்குக் கீழே, அக்குளுக்குச் சற்று உள்ளே, தம் வீட்டு ஜன்னலின் ஒரு விளிம்பு மட்டும் தெரிந்தது. உள்ளே பல்பு. மனைவி மாடியேறிப் போய்விட்டாள்.

முழக்கம் குடத்தைப் படியில் வைத்துவிட்டு, சைக்கிள் கடையில் கத்தி வாங்கி வந்து, மாடிப்படியின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து முதல் கயிற்றை அறுத்தார். முடிதிருத்துபவர் கொட்டாவி விட்டபடி கீழே வந்து நின்றார்.

"என்ன முழக்கம், கட்சி மாறிட்டீங்களா?"

"இல்லப்பா. ஓட்டுக் கேக்கப் போறேன். வழியில நிக்கிறாரு. ஒரு கை பிடி."

நாலைந்து பேர் சேர்ந்தார்கள். தலைவர் முன்னும் பின்னும் ஆடி, யோசித்து, பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தத்துடன் மெல்லத் திரும்பிச் சாய்ந்து தெருவில் மல்லாந்தார். சிரிப்பு மாறவேயில்லை. இத்தனை நாள் தெருவைப் பார்த்துச் சிரித்தவர், இப்போது வானத்தைப் பார்த்துச் சிரித்தார். அது துணி வானமல்ல என்று அவருக்குத் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. ஒரு புறா இறங்கி அவர் மீசைமேல் உலாவியது. முதுகிலிருந்த சிலந்தி மட்டும் அவசரமாக வேறு சுவருக்கு இடம் பெயர்ந்தது.

முழக்கம் குடத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். கதவு திறந்துதான் இருந்தது. இருந்தாலும் தட்டினார்.

அறை முழுக்க வெயில். அவர் ஒரு கணம் தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று பார்த்தார். சுவர் மஞ்சள் என்பது இன்றுதான் தெரிந்தது. அலமாரியில் நூல்கண்டுகள் சிவப்பும் பச்சையும் கருநீலமுமாக அடுக்கியிருந்தன. அவள் மெஷினை ஜன்னலை நோக்கித் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"யாரு?" என்றாள், பார்த்துக்கொண்டே.

"வேட்பாளர்."

"தேர்தல் எப்போ?"

"அதுக்கு வருஷக் கணக்கா இருக்கு."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஈரச் சட்டை, தலையில் சிலந்தி வலை, கையில் குடம். இன்னும் ஏதாவது சுட்டிக்காட்டுவார் என்று சற்று நேரம் காத்திருந்தாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவள் ஒரு நாற்காலியைத் துணியால் துடைத்து ஜன்னலோரம் போட்டாள்.

அவர் உட்கார்ந்தார். சட்டைப்பையில் போன் அடித்தது. அமைப்புச் செயலாளர்.

"முழக்கம், தலைவர் அந்த நடிகையைப் பத்தியேதான் பேசிக்கிட்டிருக்காரு. மாநில மாநாட்டுல மேடை ஏத்தணும்ங்கறாரு. நீதான் பேசிச் சம்மதிக்க வைக்கணும். அப்புறம் உன் வட்டத்துல கட்-அவுட்டை யாரோ சாய்ச்சுட்டாங்களாம், உடனே நிமிர்த்திடு. என்ன, செஞ்சிடுவேல்ல?"

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். முதல் முயற்சியிலேயே கோத்துவிட்டாள். வெளிச்சம் அவள் கையில் இருந்தது.

"பாக்கலாம்ணே," என்றார் முழக்கம்.

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அமைப்புச் செயலாளருக்குத் தெரியாதா என்ன. மறுமுனையில் அவர் ஏதோ பேச ஆரம்பித்தார். ஆனால் அதற்குள் மெஷின் ஓடத் தொடங்கியிருந்தது, ஒன்றும் கேட்கவில்லை.